எங்கள் வீட்டுக் கல்யாண அம்மி

கருங்கல்லை உளியால் கொத்தும்போது ஒரு வாசனை வரும். தீபாவளிக்குச் சுத்தியலால் தட்டும் பொட்டு வெடியின் வாசனைக்கும், முதல் தூறலில் தார்ச்சாலையிலிருந்து கிளம்பும் வாசனைக்கும் நடுவில் நிற்கும் அந்த நெடி மூக்கில் ஏறிவிட்டால், எங்கேயோ ஒரு கல்யாணம் நெருங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் எங்கள் சந்திலும் அதற்குப் பக்கத்துச் சந்துகளிலும் எந்தத் தமிழ்ப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறினாலும், அவள் கால் ஏறுவது எங்கள் வீட்டு அம்மியின் மேல்தான். முகூர்த்தத்திற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அப்பா பின்கட்டில் கோணிப்பையை விரித்து, அம்மியை அதன்மேல் கிடத்தி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அதே பொறுமையோடு "டக் டக்" என்று கொத்த ஆரம்பித்துவிடுவார். "வழுக்குற கல்லுல பொண்ணு காலை வைக்கக் கூடாது" என்பது அம்மாவின் சட்டம், அப்பாவும் சட்டத்தை மீறாத குடிமகன்.

எங்கள் அம்மிக்கு ஏன் அத்தனை மவுசு என்று கேட்டால், அது கப்பலில் வந்த அம்மி. அம்மாவின் பூட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது தன் சீதனத்தோடு கட்டித் தூக்கிக்கொண்டு வந்தது என்று அம்மா சொல்லுவாள், அம்மாவின் அம்மாவும் அப்படித்தான் சொன்னாளாம். மற்ற வீட்டு அம்மியெல்லாம் இங்கே கடையில் வாங்கியது, எங்களுடையதுதான் "ஊர்க்கல்லு". இரவல் கேட்டு வருகிறவர்களிடம் அம்மா ஒரு வசனம் வைத்திருந்தாள்: "நடுக்கடல்ல அலையே அசைக்காத கல்லு இது. புருஷன் பொண்டாட்டி சண்டை எம்மாத்திரம்?" கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாள் முழுக்க மீ கோரேங் நூடுல்ஸ் கிண்டிவிட்டு வரும் அம்மாவை, கல்யாண வீட்டில் மட்டும் முதல் வரிசையில் உட்காரவைத்து, "பாக்கியம் அக்கா சாப்பிட்டாங்களா?" என்று நாலு பேர் விசாரிப்பார்கள். அந்த மரியாதை முழுக்க அந்தக் கல்லால் வந்தது என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மியோடு காரில் முன்சீட்டில் போய்ப் பூந்திப் பொட்டலத்தோடு திரும்பும் எனக்கும் அதில் சின்ன பங்கு உண்டு.

இப்படிச் சுகமாக இருந்த குடும்பத்திற்குள்தான் ஆராய்ச்சி நுழைந்தது. அம்மாவின் தங்கை, என் மங்கை சித்தி, கோலாலம்பூரில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் படிக்கலாம், டீச்சருக்குப் படிக்கலாம், கல்லுக்குப் போய் யாராவது படிப்பார்களா என்று உறவே கைகொட்டிச் சிரித்தது. சித்தியின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் எப்போதும் ஒரு சிறிய பூதக்கண்ணாடி தொங்கும். "கண்ணாடி தொங்குது, தாலி எப்பத் தொங்கும்?" என்று அம்மா கேட்பாள். "அதை மாட்டினா கல்லு தெரியுமா அக்கா?" என்று சித்தி திருப்பிக் கேட்பாள். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பெல்லாம் அந்த வருடப் பள்ளி விடுமுறை வரைக்கும்தான்.

சித்தி பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, பினாங்கின் பழைய வீடுகளில் புழங்கும் கற்களைப் பற்றியது. அம்மி, ஆட்டுக்கல், வாசற்படி, மலாய்க்கார வீடுகளில் சம்பால் இடிக்கும் கல்லுரல் என்று எதைக் கண்டாலும் குனிந்து கண்ணாடியை வைத்துவிடுவாள். பாலிக் புலாவ் பக்கம் கல்லுரல் பார்க்கப் போனால் டுரியானும் ஜாதிக்காய்ச் சாறுமாகத் திரும்புவாள். நானும் கூடவே போவேன், சாற்றுக்காக. "கல்லு எங்க பொறந்ததுன்னு தெரிஞ்சா, நம்ம ஆளுங்க எதைத் தூக்கிட்டு வந்தாங்க, எதை விட்டுட்டு வந்தாங்கன்னு தெரியும்டி" என்று சித்தி பஸ்ஸில் வரும்போது சொன்னது எனக்கு அப்போது பாதிதான் விளங்கியது. கப்பலில் வந்தது உறுதியாகத் தெரிந்த ஒரு கல் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கு அவள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை, அக்கா வீட்டுச் சமையலறைக்கு வந்தால் போதும்.

"ஒரு பல்லு அளவு போதும் அக்கா. ஓரத்துல ஒரு தட்டு."

"வாயை மூடு! மூளியான அம்மியில எவ பொண்ணு கால் வைப்பா? நீ வெப்பியா?"

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சித்தி காலையில் கேட்டாள், சாயங்காலம் கேட்டாள், அம்மாவுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கேட்டாள். அம்மா நகரவில்லை. அதிலும் அப்போது சிம்பாங் அம்பாட்டிலிருந்து கமலம் அக்கா என்று ஒருவர் தன் மகள் கல்யாணத்திற்கு அம்மியைச் சொல்லி வைத்திருந்தார். லோரி வைத்துத் தொழில் பண்ணும் வசதியான குடும்பம். ஊரிலிருந்து வந்த கல்தான் வேண்டும் என்று அக்கரையிலிருந்து கடல் பாலம் தாண்டித் தேடி வந்திருந்தார்கள். அம்மியின் புகழ் கடல் கடந்த முதல் கல்யாணம் அது, அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கல்யாணத்திற்காக, அம்மாவின் அவசரம் தாங்காமல், இரண்டு மாதம் முன்னதாகவே அப்பா அம்மியைக் கொத்தினார். கொத்தி முடித்ததும் அம்மா வழக்கம்போலக் கோணியைச் சுருட்டி, அதிலிருந்த கல் பொடியையும் சில்லுகளையும் லோங்காங்கில் கொட்டப் போனாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த சித்தி, "ஐயோயோ அக்கா, கொட்டாத!" என்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் எட்டிப் பார்த்தார். வருடக் கணக்காக நாங்கள் சாக்கடையில் கொட்டிவந்தது எதுவோ, அதைத்தான் இவள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! "இந்தக் குப்பையா? இதைத்தான் கேட்டியா? அலாமா, எடுத்துக்கிட்டுப் போ" என்று அம்மா கோணியையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். சித்தி சில்லுகளைப் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே "அம்மி" என்று எழுதிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனாள்.

சில வாரங்களில் தொலைபேசியில் அழுதுகொண்டே கூப்பிட்டாள். சில்லுகளைப் பசையில் பதித்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்துப் பார்த்தால், ஒரே பையில் இரண்டு விதக் கல். ஒன்று பினாங்கு மலையில் காலை வைத்த இடத்திலெல்லாம் கிடக்கும் சாதாரணக் கல். இன்னொன்று இந்த நாட்டிலேயே கிடைக்காத, தென்னிந்தியாவில் கிடைக்கும் கருங்கல். ரோட்டுக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தாயா என்று ஆசிரியர் காய்ச்சி எடுத்துவிட்டாராம். போனைக் கையில் வைத்திருந்த அப்பா, சட்னிக்கு உப்புப் பார்த்துச் சொல்கிற சாதாரணக் குரலில், "குழவியையும் அதே கோணியிலதானே கொத்தினேன்?" என்றார்.

நம் வீடுகளில் அம்மி என்றால் அம்மியும் குழவியும் சேர்ந்துதான். மிளகாய் அரைக்கிறவர்கள் இரண்டையும் பிரித்துப் பேசுவதில்லை. கல்லுக்குப் படித்த சித்தியும் முதலில் இந்த வீட்டுப் பெண்தானே, அவளும் பிரிக்காமல் ஒரே பையில் போட்டுவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமையே சித்தி வந்து நின்றாள். அம்மியைக் கழுவித் துடைத்து, வெயிலில் வைத்து, கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பிறகு குழவியைப் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். அம்மியில் வெள்ளை வெள்ளையாகப் பெரிய மணிகள், நடுவில் மினுக்கும் கறுப்புத் துகள்கள். தண்ணீர்மலை முருகனைப் பார்க்கப் படியேறும்போது ஓடையில் கிடக்கும் பாறைகளில் நான் எத்தனையோ முறை உட்கார்ந்து பார்த்த அதே முகம். குழவியோ பச்சை ஓடிய கறுப்பு, எண்ணெய் தடவினதுபோல் ஒரு பளபளப்பு. இத்தனை நாள் இரண்டும் ஒன்று என்று எப்படி நம்பினோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மஞ்சளும் மிளகாயும் ஏறி ஏறி இரண்டையும் ஒரே நிறமாக்கி வைத்திருந்தன.

"என்னடி, ரெண்டு பேரும் வாயடைச்சு நிக்கிறீங்க?" என்று அம்மா கேட்டாள். சித்தி பொய் சொல்லத் தெரியாதவள். சொல்லிவிட்டாள்: குழவிதான் கப்பலில் வந்தது, அம்மி இங்கேயே வெட்டியது. பெண்கள் இத்தனை காலம் மிதித்தது பினாங்குக் கல்லைத்தான்.

அன்று இரவு மீன் கறிக்கு மசாலா பிளெண்டரில் அரைபட்டது. அப்பாவின் தொழிற்சாலைக் குலுக்கலில் விழுந்த அந்தப் பிளெண்டர், அதுவரை பெட்டி பிரிக்காமல் அலமாரி மேல் இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன், இருவரும் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டோம். சித்தியோடு அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். "நான் எழுதும்போது யார் வீட்டுக் கல்லுன்னு போடமாட்டேன் அக்கா, யாருக்கும் தெரியாது லா" என்று சித்தி கதவோரம் நின்று சொன்னபோது மட்டும் அம்மா திரும்பினாள். "தெரியாதா? எனக்குத் தெரியுமே. தாலி ஏறுற எடத்துல நின்னு பொய் சொல்லச் சொல்றியா?" அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சித்தியின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பேசாமல் டாக்டருக்கே படித்திருக்கலாம்.

கல்யாணம் நெருங்க நெருங்கச் சித்தியால் தாங்க முடியவில்லை. பினாங்கிலேயே தெரிந்தவர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் கெஞ்சி அனுமதி வாங்கி, அம்மாவை வலுக்கட்டாயமாக இழுத்துப் போய் நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தாள். அம்மா வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. "இதுவா? இதுவா என் அம்மி?" என்றாள். பிறகு நானும் பார்த்தேன். நாளெல்லாம் தேங்காய் அரைபடும் அந்த மங்கல் கல்லுக்குள் நீலமும் ஊதாவும் ரோஜாவும், ஓரிடத்தில் அப்பாவின் கைலிபோலக் கட்டம் போட்ட ஒரு மணியும். குழவியின் சில்லை வைத்துத் தட்டைத் திருப்பினால், ஒரு மணி இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறியது. இந்தத் தீவின் மலைகள் பூமிக்குள் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தக் குழவிக் கல் மூத்த கிழவியாகிவிட்டது என்றாள் சித்தி.

"அப்ப பூட்டி ஏன் குழவியை மட்டும் தூக்கிட்டு வந்தா?" என்று அம்மா கேட்டாள். அழுத நாளுக்குப் பிறகு சித்தியின் முகம் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு.

"இது ஆராய்ச்சி இல்லக்கா, என் நெனப்பு. அம்மியை யாரு சொமப்பா? கல்லு போற எடத்துல கிடைக்கும். கைக்குப் பழகின குழவி கிடைக்குமா? துணி மூட்டைக்குள்ள வச்சுக் கட்டிக்கிட்டு வந்திருப்பாங்க."

அம்மா தன் உள்ளங்கையை விரித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "தண்ணீர்மலைக் கல்லுன்னா சொன்னே?" என்று ஆரம்பித்தாள். அந்த மலைதான் என்று சொல்ல முடியாது, இந்தத் தீவின் எந்த மலையாகவும் இருக்கலாம் என்று சித்தி திருத்தினாள். "அதைத்தான் நானும் சொல்றேன், முருகன் மலைக் கல்லு" என்று அம்மா முடித்துவிட்டாள்.

கல்யாணத்தன்று வேன் வந்தபோது, அம்மா வழக்கமில்லாத வழக்கமாகக் குழவியையும் மஞ்சள் துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள். பாலம் தாண்டுவதற்குள் என் தொடை மரத்துப் போனது. ஏன் என்று கேட்டதற்கு, "வாயை மூடிக்கிட்டு வா" என்றாள். மணவறையில் கமலம் அக்கா, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கேட்க, "சொல்லுங்க அக்கா, அம்மி எங்கேருந்து வந்துச்சு?" என்று பெருமையாகக் கேட்டார். சித்தி என் கையைப் பிடித்தாள்.

"அம்மி இந்த மண்ணு, முருகன் மலைக் கல்லு. குழவிதான் கப்பல்ல வந்தது" என்றாள் அம்மா. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. கமலம் அக்காவின் முகம் சுருங்கியது. அம்மா விடவில்லை. "அதான் ரெண்டையும் கொண்டாந்தேன். பொண்ணு அம்மியை மிதிக்கணும், அதுக்கு முன்னாடி மாப்பிள்ளை குழவியை ரெண்டு கையால தூக்கி அம்மி தலைமாட்டுல வைக்கணும். குழவி சேராத அம்மி என்ன அம்மி? நாளைக்கு ஒரு சட்னி அரைக்க முடியுமா?" என்றாள். எல்லோரும் குருக்களைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல எந்தக் குருக்களுக்குத்தான் மனம் வரும்? "ஆமாமா, விசேஷம்" என்றார். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு குழவியைத் தூக்கினார், பெண் வீட்டார் கைதட்டினார்கள், கமலம் அக்காவின் முகம் மலர்ந்தது. அன்றைக்குப் பந்தியில் முதல் இலை அம்மாவுக்கு.

அதற்குப் பிறகு குழவி இல்லாமல் எங்கள் அம்மி எந்தக் கல்யாணத்திற்கும் போகவில்லை. பார்த்தவர்கள் தங்கள் வீட்டுக் குழவிகளையும் தூக்கி வரத் தொடங்கினார்கள்.

இப்போது எங்கள் சந்து வீடு காப்பிக் கடையாகிவிட்டது. பின்கட்டில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து படம் பிடிக்கிறார்கள். அம்மியை யாரும் இரவல் கேட்பதில்லை, மண்டபங்களிலேயே தங்க வண்ணம் அடித்த ஃபைபர் அம்மி இருக்கிறது. கொத்தவும் வேண்டாம், வாசனையும் கிடையாது. அம்மா போய்ச் சில வருடங்களாகிவிட்டன. சித்தி பேராசிரியராகி ஓய்வும் பெற்றுவிட்டாள். கோயில் மலர் ஒன்றில் மலையின் வயதைத் தப்பாகப் போட்டார்கள் என்பதற்காக நிர்வாகத்தை வரச்சொல்லிப் பாடம் எடுத்தவள். அவள் முன்னால் பழமை பேச எல்லோரும் அஞ்சுவார்கள்.

போன மாதம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு கல்யாணம். தாலி கட்டியானதும் இளவயதுக் குருக்கள் ஒலிவாங்கியை வாங்கி, "மாப்பிள்ளை, குழவியை எடுத்து அம்மி தலைமாட்டில் வையுங்கள். ஆயிரம் வருஷமாக நம் முன்னோர் செய்து, கப்பலில் கொண்டுவந்து சேர்த்த சம்பிரதாயம் இது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், சரி, இன்றைக்குக் குருக்களுக்குப் பாடம்தான் என்று நான் பயந்தேன். பக்கத்தில் இருந்த பெண் குனிந்து, "அப்படியா புரொபசர்? அவ்வளவு பழசா?" என்று கேட்டாள்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா லா, ரொம்பப் பழசு. எங்க அக்கா இருந்தா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பாங்க."