அம்மாக்களுக்கு என்கொயரி

வட்டார வள மையத்தில் பயிற்சி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது டீயும் மசால் வடையும்தான். அந்தத் தடவை வடை ஊசிப்போயிருந்ததால் பயிற்சியைக் கவனித்துவிட்டேன்.

பயிற்சி கொடுக்க வந்தவர் சின்ன வயசுப் பெண். தொண்டை கட்டும்வரை பேசினார். கேள்வியையும் நாமே கேட்டு, பதிலையும் நாமே சொல்லி, அதையும் நாமே கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகளுக்கு என்ன வேலை மிச்சம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக நான் செய்துவந்தது அதைத்தான், அதுவும் நல்ல கையெழுத்தில். இனிமேல் பிள்ளைகளே கேள்வி கேட்கவேண்டும், விடை இதுவாக இருக்கும் என்று கணிக்கவேண்டும், ஆதாரம் தேடவேண்டும், கண்டுபிடித்ததை எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். அதற்குப் பெயர் விசாரணைவழிக் கற்றல். ஒரு மாதத்துக்கு ஒரு பாடத்தை அந்த முறையில் திட்டமிடுங்கள் என்று கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்.

கட்டம் கிடைத்தால் நான் விடுவேனா? மளமளவென்று நிரப்பி எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன். தலைப்பு, தண்ணீர். அவர் படித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“மேடம், ‘முடிவு’ங்கற கட்டத்தை ஏன் இப்பவே எழுதிட்டீங்க? பிள்ளைங்க கண்டுபிடிச்ச பிறகுதானே அதை எழுதணும்?”

“காலியா விட்டா நல்லா இருக்காதேன்னுதான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போனது.

எங்கள் பள்ளிக்கூடம் மாதனூர் பக்கத்தில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆசிரியைகள் மொத்தம் இரண்டு பேர். ஒன்று தலைமை ஆசிரியை; பிள்ளைகளுக்கு அவர் பெரிய மிஸ். இன்னொன்று நான். சின்ன மிஸ் என்று யாரும் கூப்பிடுவதில்லை, வெறும் மிஸ்தான். நாலாவதும் அஞ்சாவதும் ஒரே அறையில் என்னிடம். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அம்மாக்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி பஸ் சாலையில் நின்று ஹார்ன் அடிக்கும். நான் குடியாத்தத்திலிருந்து வந்து இறங்குகிற நேரமும் அதுதான் என்பதால், டிபன் பையோடு ஓடிவருகிற பெண்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்று பழகியிருந்தேன்.

தண்ணீர் பாடத்தை ஆரம்பித்தேன். “தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று பலகையில் எழுதிவிட்டு, ஒரு மாதத்துக்கான ஆவலோடு திரும்பினேன்.

“டேங்க்ல இருந்து மிஸ்” என்றான் ஒருவன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். “முடிஞ்சிடுச்சா மிஸ்? கணக்கு எடுக்கலாமா?”

ஒரு மாதத் திட்டம் ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பலகையைத் துடைத்துவிட்டு, “சரி, உங்களுக்கு எது தெரியணும்? நீங்களே கேளுங்கடா பார்ப்போம்” என்றேன்.

கேட்டார்கள். மழை விட்டதும் ஈசல் வருகிற மாதிரி கேட்டார்கள். பல்லி ஏன் கீழே விழுவதில்லை? பிரியாணிக்கு ஏன் கத்திரிக்காய் தருகிறார்கள், வெண்டைக்காய்க்கு என்ன குறைச்சல்? சனிக்கிழமை சீக்கிரம் போய்விடுகிறது, திங்கட்கிழமை மட்டும் ஏன் போகவே மாட்டேன் என்கிறது? நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும்போது, நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். ஒல்லிக்குச்சி. எதையும் லேசில் நம்பமாட்டாள். “இன்னைக்கு வெயில் ஜாஸ்தி” என்று நான் சொன்னால் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஜாதி.

“மிஸ், கம்பெனி பஸ் ஹார்ன் அடிச்சா எங்க அம்மா ஏன் ஓடுறாங்க?”

“எங்க அம்மாவும் ஓடுறாங்க மிஸ்.” “எங்க அத்தையும்.” “எங்க அம்மா ஓடிட்டு, டிபன் பாக்ஸ மறந்துட்டு, திரும்பியும் ஓடியாருவாங்க.”

பல்லியும் கத்திரிக்காயும் அங்கேயே தோற்றன. கேள்வியைப் பலகையில் எழுதினேன். கணிப்பு சொல்லச் சொன்னேன். ஜன்னல் சீட்டுக்காக ஓடுகிறார்கள் என்றான் ஒருவன். டிரைவர் கெட்டவர் என்றாள் ஒருத்தி. ஓடினால் சர்க்கரை கம்மி ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றான் இன்னொருவன். அவன் வீட்டில் அது உண்மைதானாம். எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். ‘முடிவு’ என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டேன். கை அரித்தது, இருந்தாலும் விட்டேன்.

“இனிமே நாமதான் விசாரணை பண்ணப்போறோம். வீட்ல அம்மாவை கவனிங்க, கேளுங்க” என்றேன்.

“விசாரணைன்னா போலீஸா மிஸ்?” என்று கடைசி வரிசையிலிருந்து கேட்டான் ஒரு பையன். அவன் முகம் வெளுத்திருந்தது. அவனுடைய மாமாவை ஏதோ பைக் தகராறில் அந்த வாரம்தான் ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்தார்கள்.

“போலீஸ் எல்லாம் இல்லடா. இங்கிலீஷ்ல என்கொயரின்னு சொல்வாங்க. ஸ்டேஷன்ல என்கொயரி கவுண்டர் இருக்குமே, ரயில்வே ஸ்டேஷன்ல, அந்த மாதிரி” என்று சொல்லி அவனைத் தேற்றினேன். ஒரு பிள்ளையின் பயத்தை இப்படிப் பக்குவமாகப் போக்கிவிட்டோமே என்று எனக்கு என்மேலேயே பெருமை பொங்கியது.

அன்று சாயங்காலமே பெரிய மிஸ்ஸுக்கு போன்மேல் போன். ஓர் அப்பா, எந்தக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது என்று கேட்டாராம். அவர் எதுவும் புரியாமல், “எங்க ஸ்கூலுக்கு சத்துணவு அரிசி தவிர எதுவும் வர்றதில்லைங்க” என்று சொல்லி வைத்திருக்கிறார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் அந்த ஒல்லிக்குச்சியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். கம்பெனி நீலக் கோட்டு, கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் டிபன் பை. பக்கத்தில் மகள், இரட்டைச் சடையில் ஒன்று மட்டும் பின்னி, மற்றது அவிழ்ந்தபடி.

“இன்னா மிஸ் என்கொயரி? நான் லேட்டா போறது உங்களுக்கு யாரு சொன்னது?” என்றார் எடுத்த எடுப்பில்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய மிஸ்தான் என்னை ஓரமாக இழுத்துக் காதில் சொன்னார். கம்பெனியில் என்கொயரி என்றால் ரயில்வே கவுண்டர் இல்லையாம். ஒரு தொழிலாளி மேல் புகார் வந்தால் ஆபீசில் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்பார்களாம். அதற்குப் பிறகு அந்த ஆளை லைனில் பார்ப்பது சந்தேகம்தானாம். இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த அந்த அர்த்தம், பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற எனக்குத் தெரியவில்லை. போலீசிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றி, அம்மாக்களை எச்.ஆரிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

“நேத்து வந்து சொல்றா, ‘அம்மா, உனக்கு என்கொயரி, மிஸ் வெக்க சொன்னாங்க’ன்னு. எனக்கு கை கால் ஓடல. ஏற்கனவே லேட்டுன்னு சொல்லி வெச்சிகிறாங்க, இன்னொரு தபா ஆனா என்கொயரிதான்னு. காலைல இவ பென்சில எடுத்துகினு என் பின்னாலயே வர்றா. ஏன் இப்ப தண்ணி புடிக்கிற, ஏன் இப்ப கொண்டை போடுற… பதில் சொல்லிகினே நின்னேன், பஸ்ஸு போய்ட்டான்.”

அம்மா ஏன் ஓடுகிறாள் என்று என் மாணவி செய்த ஆராய்ச்சியில், அம்மாவுக்கு ஓடவும் நேரம் இல்லாமல் போய்விட்டது. சிரிப்பு வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

“எனக்கு டீசி குடுத்துடுங்க பெரிய மிஸ். ரோட்டாண்ட இங்கிலீஷ் மீடியம் இருக்குது. வேன் வீட்டாண்டயே வந்து ஏத்திகினு போவும். இந்த பேஜாரே வேணாம்.”

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் பெரிய மிஸ்ஸைப் பார்த்தேன். சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெண் போய்விட்டால் என் வகுப்பில் பல்லியைப் பற்றிக் கேட்க ஆள் இருக்கும், என்னை நம்பாமல் வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வர ஆள் இருக்காது.

பெரிய மிஸ் பீரோவைத் திறந்தார். டீசி புத்தகத்தைத்தான் எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எடுத்தது மூக்குக்கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு போனில் யாரையோ தேடினார்.

“டேய், நான்தான். கம்பெனி கேட்டுல இன்னைக்கு நீதானே இருக்க? உங்க ஸ்டிச்சிங் லைன்ல ஒரு பொண்ணு, என் ஸ்கூலு வேலையா இங்க நின்னுகினு இருக்குது. தப்பு ஸ்கூலு மேல. செகண்ட் ஆஃப்க்கு வருவாங்க. லேட்டுன்னு எழுதினா, நீ என்கிட்ட அஞ்சாவதுல வாய்ப்பாடு சொல்லாம தப்பிச்ச கதைய உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுவேன்.”

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, “நல்லா இருப்பா” என்று வைத்துவிட்டார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, “மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்குது. டீசி எங்கயும் ஓடிடாது. என்னதான் என்கொயரின்னு உள்ள போயி பாத்துட்டு வாம்மா” என்றார்.

வகுப்பில் நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை.

“பரவால்ல மிஸ், நின்னே சொல்றேன்.”

நான் வற்புறுத்தி உட்காரவைத்தேன். முழு வகுப்பும் சப்பணமிட்டு எதிரே உட்கார்ந்தது. மகள் அவிழ்ந்த சடையோடு எழுந்து நின்றாள்.

“நீ ஏன் ஓடுற?”

“பஸ்ஸு போய்டுமே.”

“அது உனக்கு தெரியுமே. முன்னாடியே கெளம்பலாமே. ஏன் கெளம்பல?”

“சோறாக்கணும், தண்ணி புடிக்கணும், உன்னை எழுப்பணும். நீ எங்க எழுந்துக்கற?”

வகுப்பு சிரித்தது. அந்த அம்மாவும் லேசாகச் சிரித்தார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன்.

“ஹார்ன் அடிக்கும்போது இன்னா பண்ணிகினு இருப்ப? கடைசி வேல இன்னா?”

அவர் யோசித்தார். “உனக்கு சடை பின்னிகினு இருப்பேன். ஒரு பக்கம் முடிஞ்சிருக்கும். இன்னொரு பக்கம் பாதியில அடிப்பான்.”

“எங்க அம்மாவும் அப்பதான் மிஸ்!” என்று ஒரு குரல். “எங்க அம்மா ரிப்பன கடிச்சிகினே ஓடுவாங்க” என்று இன்னொரு குரல்.

“ஏன் ரெட்ட சடை?” என்றாள் மகள்.

அந்த அம்மா கதவுப் பக்கம் பார்த்தார். பெரிய மிஸ் அங்கே நின்றுகொண்டிருந்தார். எங்கள் பள்ளியில் இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன் என்பது பெரிய மிஸ்ஸின் சட்டம். ஒற்றைச் சடையோடு வந்தால் பிரேயரில் தனியாக நிற்கவேண்டும். வகுப்பு முழுவதும் சொல்லிவைத்தாற்போல் கதவுப் பக்கம் திரும்பியது.

“ரெட்டை சடைதான் லட்சணம். பேன் வராது” என்றார் பெரிய மிஸ்.

“ஒத்த சடைல வருமா பெரிய மிஸ்?” என்றாள் அவள். “ஆதாரம் இருக்குதா?”

ஆதாரம் என்ற அந்த வார்த்தை நான் கற்றுக் கொடுத்தது. இந்த வயசில் எனக்கு மாற்றல் ஆணை வந்தால் எந்த ஊருக்கு வரும் என்று யோசித்தேன். பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

“ஆதாரம் இல்ல” என்றார் கடைசியில். “அப்ப நீங்களே கண்டுபுடிங்க. பாதி பேரு ஒத்த சடை, பாதி பேரு ரெட்டை சடை. பேன் எங்க வருதுன்னு பாத்து சொல்லுங்க. அதுவரைக்கும் யாரையும் பிரேயர்ல நிக்க வெக்கமாட்டேன்.”

ரெட்டைச் சடைக்கு ஒருத்திகூடக் கை தூக்கவில்லை. ஆராய்ச்சி முறைப்படி இது பெரிய குறை. பயிற்சி கொடுத்த அந்தப் பெண் இதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ தெரியாது. ஆனால் இந்தக் கட்டத்தை அவர் தாளில் எங்கே நிரப்புவது என்று எனக்கும் தெரியவில்லை.

மத்தியான மணி அடித்தது. அந்த அம்மா டிபன் பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடிக்கக் கிளம்பினார். நான் கேட் வரைக்கும் கூடவே போனேன். டீசி பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்டு அது ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம். கேட்காமல் விட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. கேட்டேவிட்டேன்.

“டீசி… வாங்கிக்கப் போறீங்களாம்மா?”

அவர் கழுத்திலிருந்த கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முன்ன ஒரு தபா கம்பெனில எனக்கு என்கொயரி வெச்சாங்க மிஸ். எதிர்ல மூணு பேரு உக்காந்துகினு கேட்டாங்க. நான் நின்னுகினே பதில் சொன்னேன். திருப்பி ஒரு கேள்வி கேக்க எனக்கு வாய் வர்ல. இவ பெரிய மிஸ்ஸையே நிக்க வெச்சி கேக்கறா. இங்கயே இருக்கட்டும் மிஸ், கேக்கட்டும்.”