சத்தம் வராத கேபிள்

எனக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பஸ் வரும்வரை தரிப்பிடத்தின் இரண்டு முனைக்கும் நடப்பேன். சோறு வேகும்வரை நாலு தரம் குசினிக்குள் போய் மூடியைத் திறந்து பார்ப்பேன். ஒவ்வொரு தரமும் மனைவியிடம் ஏச்சு வாங்குவேன். இப்படிப்பட்டவனிடம் ஒரு கேபிள் வாங்கி வரும்படி அக்கா கேட்டாள். கேட்ட நாளிலிருந்து ஒரு கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அக்கா இருப்பது நெடுந்தீவில். நான் ஊர்காவற்றுறையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் பயணமும் குறிகட்டுவான் துறையும் ஒரு மணிநேரக் கடலும் கிடக்கின்றன. அத்தான் கடற்றொழிலுக்குப் போகிறவர், எதற்கும் அவசரப்படாத மனிதர். அவர்களுக்கு ஒரே ஒரு மகள். அந்தப் பிள்ளைக்கு எட்டு வயதாக இருந்தபோது அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மாறியபோது அவளுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா மற்றவர்களின் வாயைப் பார்த்துத்தான் பேச்சை விளங்கிக்கொள்கிறாள். என் மீசை அவளுக்குப் பகை. “வாய்க்குள்ள வைச்சு மெல்லாதை, விளங்கிற மாதிரிக் கதை” என்று, தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறதென்று தெரியாமல், பக்கத்து வளவுக்கும் கேட்க ஏசுவாள். சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் கோயிலிலும் அவளுக்குக் காதாக இருந்தது அந்தப் பிள்ளைதான். டொக்டர் சொல்வதைக் கேட்டுத் தாய்க்குத் திருப்பிச் சொல்லும். சுவாமியாரின் பிரசங்கத்தையும் சொல்லும். கோயிலில் பின்வரிசை வாங்கில் இருந்து யாராவது கிசுகிசுத்தால் அதையும் விடாமல் சொல்லும்.

இருபது வயதில் மகள் கன்னியாஸ்திரியாகப் போகப்போவதாகச் சொல்லி, தமிழ்நாட்டில் ஒரு மடத்தில் சேர்ந்துவிட்டாள். அவளை வழியனுப்பிய அன்று, துறையில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க, சிரிப்புக் காட்டலாம் என்று நான் அத்தானிடம் சொன்னேன்: “அம்மாவுக்குக் காதா இருக்கிறதிலும் பார்க்க மடத்தில இருக்கிறது லேசுதானே.” ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என் வாயைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அதன்பிறகு அக்கா மடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒன்பதாவது வருடம், வாழ்நாள் முழுக்கக் கன்னியாஸ்திரியாக இருப்பேன் என்று மகள் கோயிலில் எல்லோர் முன்னும் சொல்லும் இறுதி வார்த்தைப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. அத்தான் பாஸ்போட் விண்ணப்பங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அவற்றை அலுமாரித் தட்டில் விரித்திருந்த கடதாசிக்குக் கீழே தள்ளிவிட்டாள். எல்லாம் காலம் கடந்த பிறகு, விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, அலுவலகத்தில் இருந்த எனக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

“மடத்தில அதை இன்ரநெற்றில காட்டுவினமாம். போனில அவளின்ர வாய் பருப்பளவுதான் தெரியும். ரீவியில பெரிசாப் பாக்கவேணும். உன்ர கொம்பியூட்டரையும் அதுக்கேத்த வயரையும் கொண்டு வா.”

சரி என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது.

“நீ அண்டைக்குத் துறையில சொன்னது உண்மையோ எண்டு எனக்குத் தெரியவேணும். என்ர காதா இருந்து களைச்சுத்தான் அவள் ஓடினவளோ? அவள் சொல்லேக்க வாயைப் பாத்தா எனக்குத் தெரியும்.”

கதிரையை விட்டு எழும்பினேன். இருந்தேன். மறுபடி எழும்பினேன். என் மீசையைத் தாண்டி ஆயிரம் கதை அவளிடம் போய்ச் சேர்ந்ததில்லை. போய்ச் சேரக்கூடாத அந்த ஒன்று மட்டும் சேர்ந்திருக்கிறது. ஒன்பது வருடம் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டா எனக்கு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பலகாரம் அனுப்பினாள்? வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

தொலைக்காட்சியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். அவர்களுடையது பழைய தட்டைத் தொலைக்காட்சி, சுவரோடு ஒட்டப் பூட்டியது. மூன்று படம் வந்தது. இரண்டில் இருட்டு, மூன்றாவதில் அத்தானின் பெருவிரல். இதை வைத்து என்ன வாங்குவது என்று கோபமாக எழுதிப்போட்டேன். அக்கா தீவுக்காரரின் வழக்கமான வழிக்குப் போய்விட்டாள்.

நெடுந்தீவில் பட்டணத்துச் சாமான் வேண்டுமென்றால் மாதிரி அனுப்புவார்கள். செருப்புக்குக் காலைப் பேப்பரில் வைத்துக் கீறி வெட்டி அனுப்புவார்கள். யன்னல் கண்ணாடிக்கு அளந்த நூல். கழன்ற கதவுப் பிணைச்சலுக்கு அந்தப் பிணைச்சலே வரும். பிழையான சாமான் வந்தால் மாற்றுவதற்கு இன்னொரு நாள் கடலில் போகவேண்டும், அதனால் வாய்ச்சொல்லை யாரும் நம்புவதில்லை. இரண்டாம் நாள் படகில் வந்து, பஸ்ஸில் ஏறி, நடத்துநர் கையால் என்னிடம் ஒரு சாப்பாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே அரைக்கட்டிச் சவர்க்காரம். அதன் முகத்தில், தொலைக்காட்சியில் கேபிள் செருகும் இடத்தின் அச்சு அழகாகப் பதிந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடையில் அதை எடுத்து வைத்தேன். கடைக்காரர் கண்ணாடி போட்ட இளம் ஆள். சவர்க்காரத்தைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“அண்ணை, ஆக்கள் படம் கொண்டு வந்து பாத்திருக்கிறன். சவுக்காரம் இப்பதான் பாக்கிறன்” என்றார்.

சிரித்து முடித்து, தட்டையான, இரண்டு மூலை சரிந்த முனையுள்ள ஒரு கேபிளை எடுத்து அச்சின்மேல் வைத்தார். பிசகாமல் இருந்தது. எச்.டி.எம்.ஐ. என் மடிக்கணினியிலும் அதற்கு இடம் இருந்தது. பக்கத்தில் நீலத் தலையும் இரண்டு திருகாணியும் உள்ள தடித்த கேபிள் தொங்கியது. அதற்கும் என் கணினியில் இடமிருப்பதைக் கண்டு, எது நல்லது என்று கேட்டேன்.

“நீலம் படத்தை மட்டும்தான் கொண்டு போகும் அண்ணை. சத்தம் வராது. மற்றது ரெண்டையும் கொண்டு போகும்.”

என் மடிக்கணினியில் ஒருமுறை படகில் உப்புத்தண்ணீர் பட்டதிலிருந்து சத்தம் இல்லை. ஆகவே சத்தமும் தொலைக்காட்சிக்குப் போய்த்தான் கேட்கவேண்டும். “ஊமைப்படம் காட்டவோ நான் கடல் தாண்டிப் போறன்? நீலத்தை உள்ளுக்கு வையும்” என்றேன். தட்டையானதைக் கடைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டச் சொன்னேன். படமும் வந்தது, சத்தமும் வந்தது. மறுபடியும் போட்டுக் காட்டச் சொன்னேன். மூன்றாம் தரம் கேட்டபோது கடைக்காரர் கேபிளைச் சுற்றி என் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை போய்ச் சேருவதாக இருந்தது. காற்று எழும்பி, படகு ஓடவில்லை. சனி காலை பத்தரைக்குப் பூசை. சனி விடியவே குறிகட்டுவானில் நின்று, படகு அவிழ்க்கும்வரை துறையை அளந்தேன். படகில் இருக்க இடம் கிடைத்தும் நின்றுகொண்டுதான் போனேன்.

வீட்டுக்குள் போனதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் தொலைக்காட்சிக்குக் கீழே கையை விட்டுக் கேபிளைச் செருகினேன். போகவில்லை. திருப்பிச் செருகினேன். போகவில்லை. கைவிளக்கை அடித்துப் பார்த்தால், அச்சு எடுத்த இடம் முழுக்க வெள்ளையாக இறுகிப்போய்க் கிடந்தது. முதல் அச்சு சரிவரவில்லையென்று, சவர்க்காரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடியும் அழுத்தினாளாம். ஊறியதில் பாதி உள்ளேயே தங்கிவிட்டது.

“உங்களுக்கு மூளை இருக்கோ அக்கா?” என்று கத்தினேன்.

அக்கா என் வாயைப் பார்த்தாள். “மீசையை வழிச்சுப்போட்டுக் கத்து” என்றாள்.

அத்தான் ஒரு ஊசியோடு வந்து, வலையில் சிக்கிய முள்ளை எடுப்பதுபோல ஆறுதலாக, மெல்ல மெல்லக் கிண்டினார். “பொறும், பொறும்” என்று எனக்குச் சொல்லிக்கொண்டே சவர்க்காரத்தோடு சேர்த்து உள்ளேயிருந்த ஒரு தகட்டையும் வெளியே எடுத்தார். இப்போது கேபிள் போயிற்று. திரையில் படம் வரவில்லை. மணி பத்தைத் தாண்டிவிட்டது.

பக்கத்தில் இன்னோர் இடம் இருந்தது. நீலத் தலைக்குரியது. நான் உள்ளுக்கு வைக்கச் சொன்ன நீலம்!

“நீலமோ? அது சுவாமியார் வீட்டு ஒவ்விசில இருக்கு, பெரிய கொம்பியூட்டருக்குப் பின்னால” என்றார் அத்தான்.

“அது சத்தத்தைக் கொண்டு வராது, அத்தான்.”

அத்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, உம்மட அக்காவுக்குச் சத்தம் என்னத்துக்கு?”

அவர் போனபிறகு முற்றத்தில் மேலும் கீழும் நடந்தேன். ஒரு கிழமையாக நான் ஓடி ஓடித் தேடியது காது கேளாத ஒருத்திக்கான சத்தத்தை. உண்மையைச் சொன்னால் அது அவளுக்கு அல்ல, எனக்கு. அந்தப் பிள்ளையின் குரலை நான் கேட்கவேண்டும், அன்று நான் சொன்னது பொய் என்று அந்தக் குரலில் எனக்குத் தெரியவேண்டும் என்ற ஆசை. அதற்காகத்தான் அத்தனை அவசரம். என் கைபேசியிலாவது கேட்கலாம் என்றால், அதிலிருந்துதான் கணினிக்கு இணையம் கொடுக்கவேண்டும். அதிலோ அக்காவின் போனிலோ இன்னொரு தரம் திறந்தால், அந்தத் தீவுச் சிக்னலுக்கு எல்லாமே நின்றுவிடும்.

அத்தான் கேபிளைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது பூசை தொடங்கிவிட்டது. செருகியதும் திரை முழுக்க மடத்துக் கோயில் விரிந்தது. கையை எடுத்தேன், படம் போயிற்று. பிடித்தேன், வந்தது. திருகாணி இரண்டும் எப்போதோ தொலைந்துபோன கேபிள் அது. யாராவது அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும். வேறு யார்? சுவரோடு தோளைச் சாய்த்து, தொலைக்காட்சிக்குப் பின்னால் கையை விட்டுக்கொண்டு நின்றேன். அங்கிருந்து திரை எனக்குத் தெரியாது. கதிரையை இழுத்துப்போட்டு முழங்கால் முட்ட முன்னால் இருந்த அக்காவின் முகம் மட்டும்தான் தெரிந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கை மரத்தது. மூக்கு அரித்தது. படமும் காணாமல், சத்தமும் கேளாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக அசையாமல் நின்றேன்.

“இப்ப அவளைக் கூப்பிடினம்” என்றார் அத்தான்.

அக்கா இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தாள். அவளுடைய உதடுகள் அசையத் தொடங்கின. பிறகு குரலும் வந்தது, வழக்கம்போல உரத்த குரல், எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாமல்.

“சாகும்வரைக்குமாம்... ஏழையா இருப்பனாம்... கீழ்ப்படிவனாம்...” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒருத்தரும் வற்புறுத்தேல்லையாம். தன்ர முழு மனசோடயாம்.” பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “எனக்குக் கதைக்கிற மாதிரி ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாச் சொல்லுறாள். கமராவைப் பாத்துச் சொல்லுறாள்.”

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டில் அன்று காது கேளாமல் இருந்தது நானும் அவரும்தான். அக்கா சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம்.

பிறகும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. மற்றக் கையை ஆட்டி அவளைத் திரும்ப வைத்து, மீசையை விரலால் மேலே தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன்: “என்ன அக்கா, அவள் சொன்னது உண்மையோ?”

“உண்மைதான். பொய் சொன்னா அவளுக்கு மேலுதடு ஒரு பக்கம் இழுக்கும். சின்னனில இருந்தே அப்பிடித்தான். இண்டைக்கு இழுக்கேல்லை.”

எனக்கு மூச்சு வந்தது. “அப்ப சந்தோசம்தானே?” என்று கேட்டேன்.

“ஓம், சந்தோசம்தான்” என்றாள் அக்கா. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது. “ஆனா பொய் சொல்லியிருந்தா, போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம் எல்லோ, தம்பி.”