நானாவின் பேச்சாளராக ஒரு மாலை

எங்கள் பஸ் டிப்போ ஓய்வறையின் மூலைக் கதிரையில் ஒரு வாரத்துக்கு யாரும் உட்காருவதில்லை என்று செவ்வாய்க்கிழமை ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஒருவர் முன்மொழிந்தார், இருவர் வழிமொழிந்தார்கள். அது நானாவின் கதிரை; அவர் இறந்த செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது.

நானா என்பது கானா நாட்டில் ஊர்த்தலைவருக்குரிய பட்டம். லண்டன் வால்தம்ஸ்டோவில் பஸ் ஓட்டிக்கொண்டே அவர் தன் ஊரையும் ஆண்டார். காணிச் சண்டைகளைத் தேநீர் இடைவேளையில் கைபேசியில் தீர்த்துவைத்ததை டிப்போவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்நாட்டுச் சட்டப்படி தலைவர்கள் கட்சி அரசியலில் இறங்கக்கூடாது. ஆகவே எல்லாக் கட்சிகளும் அவரைத் தேடி லண்டனுக்கு வந்தன. "நான் யாருக்கும் வாக்குக் கேட்பதில்லை. அதனால்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள்" என்பார். அவருடைய ஆசை ஒன்றுதான்: ஊரில் முன்னோர்கள் கிடக்கும் அரச மயானத்தில் தானும் அடங்குவது. பதவியில் இருக்கும்போது இறந்தவர்களுக்கு மட்டுமே அங்கே இடம்.

கானாவின் சென்ற தேர்தலுக்கு முன் அங்கிருந்து ஒரு வேட்பாளர் அவர் வீட்டுக்கு வந்தார். தலைவர் விருந்தினரோடு நேரே பேசுவதில்லை; பேச்சாளர் ஒருவர் பக்கத்தில் நின்று அவர் சார்பில் பேசவேண்டும். வழக்கமான பேச்சாளருக்கு அன்று ஷிப்ட். என்னைக் கூப்பிட்டார். வாழ்த்துச் சொல், ஆதரவு சொல்லாதே என்பது உத்தரவு. அப்படியே சொன்னேன். பிறகு, எங்கள் தமிழ்க் கூட்டங்களில் பழகிய பழக்கத்தில், குட்மேய்ஸ் கடையில் வாங்கி வந்த பொன்னாடையை நானாவின் கையில் கொடுத்து, விருந்தினருக்குப் போர்த்தச் சொன்னேன். சபையில் என்னை மறுக்க விரும்பாமல் போர்த்தினார். நான் கைதட்டினேன். வேட்பாளரின் ஆட்கள் படம் எடுத்தார்கள்.

அந்த வாரமே படம் நானாவின் ஊர்ச் சுவர்களில் தேர்தல் விளம்பரமாக ஒட்டப்பட்டது. டிப்போவில் சிவம் அண்ணை அதைக் கைபேசியில் பார்த்தார். "படத்தில வடிவாத்தான் நிக்கிறீர் ஐசே. எங்கட ஆக்களுக்கு ஒருத்தரைக் கண்டால் போர்த்தாமல் விட ஏலாது. அந்த மனுசன்ர பதவிக்கெல்லோ உலை வைச்சிருக்கிறீர்."

ஊர் முதியவர்கள் காணொளியில் விசாரித்தார்கள். அவர்கள் வழக்கப்படி, பேச்சாளர் பிழைவிட்டால் பழி பேச்சாளருக்கே. தலைவர் தப்புவதற்காகவே அப்படியொரு பதவி இருக்கிறது. பழியை என்மேல் போடுங்கள் என்று நானாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர் திரையைப் பார்த்து, "போர்த்திய கை என்னுடையது" என்றார். அந்த மாதமே அவரை நீக்கிவிட்டு வேறொருவரைத் தெரிந்தெடுத்தார்கள்.

செய்தி வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஆர்ச்வே கோயிலுக்குப் போய், பூசை முடியுமுன்னே திரும்பினேன். இதைக்கூட நாலு தடவை எழுந்து நடந்துதான் எழுதுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வசனம்தான். அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் ஆளில்லை.

அடக்கம் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வால்தம்ஸ்டோவில்.