சிரித்ததற்கு விளக்கம்

என் தங்கை மகனுக்குப் பழைய படம் என்றால் உயிர். போன வாரம் வந்திருந்தவன், அந்தக் காலத்துக் கேலிப் படங்களை இன்றைக்கு எடுத்தால் ஓட விடுவார்களா, எங்கள் மனசு புண்பட்டுவிட்டது என்று நாலு பேர் கொடி பிடித்துக்கொண்டு வந்துவிட மாட்டார்களா என்று கேட்டான். கேட்டதோடு விட்டிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அந்தக் கால ஜனங்களுக்குப் பெருந்தன்மை பெரியம்மா, எதையும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஒரு போடு போட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எந்த ஜனத்துக்குப் பெருந்தன்மை? ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்ததற்காக வேலையைப் பறிகொடுத்தவள் நான்.

அம்பதுகளின் கடைசி. குளத்தூர் தாலுகாவில் ஒரு கிராமத்து எய்டட் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. ஐந்து வகுப்புக்கு இரண்டு வாத்தியார்கள். நான் ஒருத்தி, இன்னொருவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்குப் பேச்சுத் திக்கும். வாய்ப்பாட்டை மட்டும் ராகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பார், அப்போது ஒரு இடத்தில்கூடத் திக்காது. எங்கள் இருவருக்கும் மேலே மேனேஜர். ஊரில் பாதி நிலம் அவருடையது, பள்ளிக்கூடமும் அவருடையது. அப்பா ஏரிக்கரையில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துக்கிடந்தார். என் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்டோம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேனேஜர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பதிவேட்டில் அறுபது பிள்ளைகள். வருவதோ முப்பத்தைந்து. பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் சர்க்கார் கிராண்ட் கொடுக்கும் என்பதால், இன்ஸ்பெக்டர் வருகிற அன்று பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஆடு மேய்க்கிற பிள்ளைகளை வண்டியில் ஏற்றிவந்து பெஞ்சில் உட்கார வைப்பார்கள். வராத பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இந்தப் பிள்ளைகள் 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். அதை அவர்களுக்குப் பழக்கிவிட்டது யார்? நான்தான். மிட்டாய் கொடுத்துப் பழக்கினேன்.

அந்த வருஷம் ஒரு பையன் சொதப்பிவிட்டான். இன்ஸ்பெக்டர் திடீரென்று அவனிடம் பெயர் கேட்க, அவன் தன் சொந்தப் பெயரையே சொல்லிவிட்டான். பதிவேட்டில் வேறு பெயர். மேனேஜர் அசரவில்லை. அது வீட்டில் கூப்பிடுகிற பெயருங்க என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வீடு போய்ச் சொல்ல, ஒரு வாரம் ஊரெல்லாம் அதே பேச்சு. அவர் காதில் விழாமல் பேசினார்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஊருக்கு டூரிங் கொட்டகை வந்தது. மேனேஜருடைய தரிசில்தான் போட்டிருந்தார்கள். முதல் ஆட்டத்துக்குப் போனேன். மேனேஜர் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியார் ஆண்கள் பக்கம் மணலில் இருந்தார், நான் பெண்கள் பக்கம். படம் முழுக்கக் கேலி. முதலில் ஒரு திக்குவாய் வாத்தியார் வந்தார். ஒரு பெயரைச் சொல்ல அவர் படாத பாடு படுவதற்குள் அந்தப் பெயர்க்காரன் தூங்கியே போய்விடுவான். கொட்டகை சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் ஆண்கள் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது.

அப்புறம் வந்தார் படத்து மேனேஜர். அவருக்கும் இன்ஸ்பெக்டர் வருகை, அவருக்கும் பிள்ளை பற்றவில்லை. வண்டிக்காரனைப் பிடித்துவந்து இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். இவனுக்கு ஏன் மீசை இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்க, எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி என்றார். பெயர் கேட்டபோது வண்டிக்காரன் சொந்தப் பெயரைச் சொல்லித் தொலைத்தான். படத்து மேனேஜர் கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "அது வீட்டுல கூப்பிடுற பேருங்க."

கொட்டகை ஒரு நிமிஷம் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் முதலில் வெடித்தது என் சிரிப்பு. அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. பிறகு ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் அத்தனை பேரும் திரும்பி நாற்காலியைப் பார்த்தார்கள்.

மறுநாள் கொட்டகையில் அந்தப் படம் இல்லை, சாமி படம் ஓடியது. எனக்கு மெமோ வந்தது. மேற்படி காட்சியின்போது தாங்கள் என்ன காரணத்தால் சிரித்தீர்கள் என்பதற்கு மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. ஊரே சிரித்திருக்க எனக்கு மட்டும் மெமோ. மற்றவர்களுக்கு அவரால் மெமோ கொடுக்க முடியாது அல்லவா. இதுதான் என் தங்கை மகன் சொல்கிற பெருந்தன்மை. மனசு புண்படுவது ஏதோ நேற்று வந்த வியாதி மாதிரி பேசுகிறான். அன்றைக்கும் புண்பட்டது. புண்பட்டவர் கையில் ஊர் இருந்தது, அதனால் கொடி பிடிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் மேனேஜர் வந்து உட்கார்ந்தார். வாத்தியாரையும் இருக்கச் சொன்னார். டீச்சர் யாரைப் பார்த்துச் சிரித்தார், உங்களுக்குத் தெரியுமா என்று அவரிடம் கேட்டார். உங்களைப் பார்த்துத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றோடு என் கதை முடிந்திருக்கும்.

வாத்தியார் என்னைப் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எ... என்னையப் பாத்துத்தான் சிரிச்சாங்க ஐயா. அந்தத் தி... திக்குவாயி சீனு. அந்தச் சிரிப்பு நிக்காமத்தான் அ... அடுத்த சீனுக்கும் வந்துருச்சு."

மேனேஜரின் முகம் தெளிந்துவிட்டது. "அம்புட்டுத்தானே, அதையே எழுதிக் குடுத்துரும்மா. விசயம் முடிஞ்சுபோச்சு" என்றார். தாளை என் பக்கம் தள்ளினார்.

வீட்டில் படுத்திருக்கிற அப்பாவை நினைத்தேன். வாத்தியார் சொன்னது முழுப்பொய்யும் இல்லை, அவரைப் போன்ற ஒருவரைப் பார்த்து நான் சிரித்தது நிஜம். அந்த வெட்கமே என்னைத் தின்றுகொண்டிருந்தது. திக்குகிற மனிதரைப் பார்த்துச் சிரித்தேன் என்று எழுதினால் வேலை நிலைக்கும். சர்க்காரை ஏமாற்றுகிறவரைப் பார்த்துச் சிரித்தேன் என்று எழுதினால் வேலை போகும். என்ன நியாயம் இது? எங்கள் ஆவூர்ப் பக்கத்தில் மாதா கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது, செய்த பாவத்தை மறைக்காதே, செய்யாத பாவத்தைச் சொல்லாதே என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அப்படியே எழுதினேன்.

'நான் இரண்டு இடத்தில் சிரித்தேன். திக்குவாய் வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தது தவறு. அதற்காக என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை இரவல் வாங்கும் மேனேஜரைப் பார்த்துச் சிரித்தது தவறில்லை. இரவல் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக்கொடுத்தவள் நான் ஆகையால் என்னையும் சேர்த்தே சிரித்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.'

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். படத்தில் வந்தது தானில்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் சிரித்தது குற்றமே இல்லை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வாத்தியார் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்தார். மன்னிப்பு தனக்கு வேண்டியதில்லை என்றும், வேலை போனது அநியாயம் என்றும் சொன்னார். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"அந்த ந... நடிகனுக்குத் திக்கவே தெரியலை டீச்சர்" என்றார். "எங்க திக்கும், எங்க தி... திக்காதுன்னு ஒரு கணக்கு இருக்கு. எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. திருமயம் பக்கத்தில் வேறு வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் வீட்டில் கஞ்சிதான். தங்கைகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. செய்தது தப்பு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

புதிய ஊருக்குப் போன வருஷமே அங்கும் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. பள்ளிக்கூடத்து ஆட்கள் எல்லோருமாகப் போனோம். புது மேனேஜரின் சம்சாரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திக்குவாய் வாத்தியார் வந்தார். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நடிகனுக்குத் திக்கத் தெரியவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. அப்புறம் வண்டிக்காரன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். நான் சிரிக்க ஆரம்பித்தேன். மேனேஜர் சம்சாரம் சட்டென்று திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் பலமாகச் சிரித்தேன்.