மரத்தின் மேல் வெர்லீன்

அமெரிக்காவின் மிசௌரியில் எங்கள் பாப்டிஸ்ட் சபை நூலகத்துக்குள் வெர்லீனை மீறி ஒரு புத்தகமும் நுழையாது. பாஸ்டர் ஹார்லன் மௌன ஜெபத்துக்கு வகுப்பு வைக்கப்போகிறார் என்றதும் அவள் பொரிந்து தள்ளிவிட்டாள்.

“மனச காலி பண்ணிட்டு உக்காந்தா பிசாசுதான் குடிவரும், பாஸ்டர்! புத்த பிக்குங்க பண்றத நாம எதுக்குப் பண்ணணும்?”

“மான் வேட்டைன்னு துப்பாக்கியோட மரத்து மேல ஆறு மணி நேரம் உக்காந்திருக்கீங்களே சிஸ்டர், அப்ப என்ன நினைப்பீங்க?”

“ஒண்ணும் நினைக்க மாட்டேன். சும்மா மூச்ச கவனிச்சுக்கிட்டு...” சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

வகுப்பு நடக்கவில்லை. ஆனால் மான் வேட்டைக் காலமான நவம்பர் முழுக்க, மனசு காலியாகிவிடக் கூடாதென்று மரத்தின் மேலிருந்து பைபிள் சங்கீதங்களை உரக்கச் சொல்லிக்கொண்டே வேட்டையாடினாள். இந்த வருஷம் அவள் வீட்டில் மான்கறி இல்லை. எங்கள் காட்டு மான்களுக்கோ நூற்றைம்பது சங்கீதமும் மனப்பாடம்.