மீன்தொட்டியில் நட்ட கல்

பெரிய கல்லை மீன்தொட்டியின் நட்டநடுவில் வைக்கக் கூடாது என்றார் கடைக்காரர். பார்வை அதிலேயே போய் முட்டிக்கொண்டு நிற்குமாம். முட்டட்டும் என்றுதான் நான் வைத்தேன். எங்கள் பழைய ஊர் மிராசுதாரின் மகன் என் வீட்டுக்கு வரப்போகிறார் என்று தெரிந்த வாரம் அது.

அந்தக் கல், மனையின் எல்லை காட்ட நடும் சர்வே கல்லின் தலைப்பாகம். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று அரசாங்கம் சட்டம் போட்டதும், சர்வேயர் வந்து எங்கள் குடிசையைச் சுற்றி அளந்து கல் நட்டார். மிராசுதாரின் ஆட்கள் கடப்பாரையோடு வந்து அதைப் பெயர்த்து உடைத்து வாய்க்காலில் வீசினார்கள். குடிசையையும் பிரித்துப் போட்டார்கள். வாய்க்காலில் கிடந்த உடைந்த துண்டை எடுத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு அப்பா எங்களைப் பாபநாசத்துக்குக் கூட்டி வந்தார். சாகும்வரை அதை யார் கண்ணிலும் காட்டவில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. வயிற்றெரிச்சல் தீரவும் இல்லை, தீர வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

தொட்டியின் அடியில் தெர்மாகோல் விரித்து, கல்லை நிறுத்தி, மணலைப் பின்பக்கம் மேடாகவும் முன்பக்கம் சரிவாகவும் பரப்பினேன். கல் மொட்டையாகத் தெரிந்தது. ஒருபுறம் வேர்க்கட்டை, மறுபுறம் பாசிச்செடி வைத்துச் சமன் செய்தேன். மீன்கள் மணலைக் கிளறிக் கல்லைச் சாய்க்க, கூழாங்கல்லை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினேன். அதில் சர்வேக்காரர்கள் செதுக்கியிருந்த அம்புக்குறி சோபாவைப் பார்த்து நின்றது.

"ஒரு மனுசன் வந்துட்டுப் போறதுக்கு இவ்வளவு அலங்காரமா?" என்றாள் மனைவி.

"அவருக்காகத்தான்."

மிராசுதாரின் மகன் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். தாலுகா ஆபீசில் நான் பெரிய உத்தியோகம் என்பதால் வந்தாரே தவிர, நான் யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. என் அப்பாவை 'டேய்' என்று கூப்பிட்டவரின் மகன் என்னை 'சார்' என்றார். காபியைக் குடித்தபடி தொட்டியையே பார்த்தார்.

"நல்லா அமைச்சிருக்கீங்க சார். அந்தக் கல்லுதான் எடுப்பா இருக்கு. எங்க வாங்குனீங்க?"

"வாங்கலைங்க. எங்க மனையில நட்டது. உங்கப்பா ஆளுங்க புடுங்கிப் போட்டாங்க."

அவர் முகம் வெளுக்கும், கை நடுங்கும் என்று எத்தனை வருடம் காத்திருந்தேன்! அவர் டம்ளரை நிதானமாகக் கீழே வைத்தார். எழுந்து போய்க் குனிந்து அம்புக்குறியைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி எதையோ ஞாபகப்படுத்திப் பார்த்தார்.

"எந்த ஊர்ல சார்?" என்று கேட்டார். "அப்பா நெறைய ஊர்ல புடுங்க வச்சாங்க."