செவலை மாடு காட்டிய கோடு

கால்நடை மருத்துவ மேற்படிப்பில் எனக்கு அமைந்த ஆய்வு உண்ணியைப் பற்றியது. கடிக்கும்போது அதன் எச்சில் மாட்டின் உடலுக்குள் இறங்குகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதங்களில் எதையாவது மாட்டின் ரத்தம் எதிரி என்று கண்டுகொள்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால், பின்னாளில் தடுப்பூசிக்கு அது வழி காட்டலாம்.

உண்ணிக்காகக் கொல்லிமலைக்குப் போனேன். அங்கே வளப்பூர் நாடு என்று சொல்லும் ஊர்ப்பகுதியில் மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த ஒரு பெண்ணின் கொட்டகையில் இரண்டு மாடுகள் நின்றன. கருப்பு மாட்டின் காதெல்லாம் உண்ணி. பக்கத்திலேயே கட்டியிருந்த செவலையிடம் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அதுக்குத் தோலு கெட்டிங்க," என்றார் அந்தப் பெண்.

தோல் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். இரண்டு மாடுகளிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் உண்ணிகளைக் குப்பியில் போட்டு, பஸ்ஸில் மலையிறங்கி ஆய்வகம் சேர்வதற்குள் அவற்றின் எச்சில் சுரப்பி கெட்டுப்போனது. புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் கோடுகளுக்குப் பதில் நீலக் கறைதான் விழுந்தது. மூன்று முறையும் அதே கதை. ஆட்டுக் குடற்புழுவுக்கு மாறிவிடும்படி என் வழிகாட்டிப் பேராசிரியர் பரிவோடுதான் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. உண்ணி கீழே வந்தால் கெடுகிறது என்றால், ஆய்வகம் மேலே போகட்டும் என்று தோன்றியது.

கண்ணாடியில் வெயிலை வாங்கும் பழைய நுண்ணோக்கி ஒன்று கல்லூரியில் கிடைத்தது. சினை ஊசி மருந்தை உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் கேனை மலை மேலிருந்த கால்நடை மருந்தகத்தில் இரவல் கேட்டு வாங்கினேன். கொட்டகை வாசலில் உட்கார்ந்து உண்ணிகளை அறுத்தேன். திராட்சைக் கொத்துபோல் இருந்த சுரப்பிகளை எடுத்த கையோடு உறைய வைத்தேன். கேனிலிருந்து வெண்புகை எழுந்ததும் அந்தப் பெண் தள்ளி நின்றுகொண்டார்.

ஆய்வகத்துக்குத் திரும்பிப் பார்த்தபோது, இந்த முறை ஜெல்லில் கோடுகள் பளிச்சென்று ஏணிப்படிகளாக விழுந்தன. அந்தப் புரதங்களைத் தாளுக்கு மாற்றி, கருப்பு மாட்டின் ரத்தநீரில் ஒரு துண்டையும் செவலையின் ரத்தநீரில் இன்னொன்றையும் ஊறவைத்து, நிறம் காட்டும் மருந்தை ஊற்றினேன். ரத்தம் அடையாளம் கண்ட புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஏறும். முதல் துண்டு வெறுமையாகவே இருந்தது. இரண்டாவதில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பழுப்பாக ஒரு கோடு எழுந்து வந்தது. தட்டை அப்படியே பேராசிரியரிடம் எடுத்துப் போனேன்.

பேராசிரியர் வெகுநேரம் அதைப் பார்த்தார். "மறுபடி செஞ்சு பாரும்மா. வந்துட்டா இது உன்னோடது," என்றார்.

மறுபடி செய்தேன், வந்தது. அதற்கடுத்த முறையும் அதே இடத்தில் வந்தது. அவரே துறையில் இருந்த அத்தனை பேரையும் கூட்டிவந்து காட்டினார்.

அடுத்த முறை மலையேறியபோது அந்தப் பெண்ணிடம் கோடு விழுந்த தாள் துண்டைக் காட்டி விளக்கினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப என்ர செவலைக்கு உண்ணிய அடையாளம் தெரியுதுங்களா?"

"ஆமாங்க. அதோட ரத்தத்துக்குத் தெரியுது."

அவர் செவலையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.